நட்சத்திரம் எடுக்க எந்த லென்ஸ்: 14ஆ, 24ஆ, கையில இருக்கிற 50ஆ?

2025 ஜனவரி 18, சனி

தம்பி ஒருத்தர் கேட்டதை அப்பிடியே போடுறன்:

"அண்ணா, சிவராத்திரிக்கு மன்னார் போறம், ஆனி ஆடிக்குள்ள நெடுந்தீவும் போற யோசினை. பால்வீதி எடுக்க ஒரு லென்ஸ்தான் வாங்க வசதி. 14 மிமீ எஃப் 2.8ஆ, 24 மிமீ எஃப் 1.4ஆ? பாக்கிற வீடியோ எல்லாத்திலயும் 14 எண்டுதான் சொல்லினம்."

14 வாங்குங்கோ. (மிமீ எண்டது ஃபோக்கல் லெங்த், அது குறையக் குறையப் படத்தில அகலம் கூட விழும். எஃப் இலக்கம் குறையக் குறைய வெளிச்சம் கூட வரும்.) என்னட்ட இருக்கிறதும் அதுதான், சாம்யாங் 14 எஃப் 2.8, கையால ஃபோகஸ் பண்ணுறது, விலை குறைவு, ஃபுல் ஃப்ரேமில, அதாவது பெரிய சென்ஸர் கமெராவில, பக்கவாட்டில 104 பாகை விழும். 500ஐ ஃபோக்கல் லெங்தால பிரிச்சா நட்சத்திரம் இழுபடாமல் எத்தினை செக்கன் திறந்து வைக்கலாம் எண்டு வரும், 14க்கு 35 செக்கன், 24க்கு 20 செக்கன் சொச்சம். கூட நேரம் எண்டா கூட வெளிச்சம். அவ்வளவுதான் விசயம்.

ஜனவரி 19, விடிய

அவ்வளவுதான் எண்டு நேற்று எழுதினது பிழை. படுத்தாப் பிறகும் கணக்கு மண்டைக்குள்ள ஓடிக்கொண்டே இருந்தது.

14ஐ 2.8ஆல பிரிச்சா 5. அதாவது வெளிச்சம் உள்ள வாற ஓட்டை 5 மிமீதான். 24ஐ 1.4ஆல பிரிச்சா 17 மிமீ. இருட்டில எங்கட கண்ணின்ர பாவையே 7 மிமீ மட்டும் விரியும், இளம் ஆக்களுக்கு. அப்ப அந்த 14இன்ர ஓட்டை கண்ணை விடச் சின்னன். நட்சத்திரம் ஒரு புள்ளி, அதில இருந்து எவ்வளவு வெளிச்சம் பிடிபடும் எண்டதை அந்த ஓட்டையின்ர பரப்புத்தான் தீர்மானிக்கும், அதில 24 கிட்டத்தட்ட 12 மடங்கு மேல. பால்வீதியின்ர புகை மாதிரி மங்கலுக்கு எஃப் இலக்கம்தான் கணக்கு, அதிலயும் 1.4 எண்டா 2.8ஐ விட நாலு மடங்கு. 35 செக்கனும் 20 செக்கனும் எண்ட வித்தியாசம் இதுக்கு முன்னால காணாது.

ஆனா 14ஐயும் ஒரேயடியாத் தள்ள ஏலாது. ரொறன்ரோவில இருக்கிற மச்சான் எப்பவும் 24 காணும் எண்டுதான் சொல்லுறவர். அவருக்குக் காணும். பால்வீதியின்ர நடு, கொழுத்த பகுதி, அங்க உச்சத்தில நிக்கேக்கயே அடிவானத்தில இருந்து 17 பாகைதான் உயரம், லண்டனில 10 பாகையும் வராது. இஞ்ச கொழும்பில அது 54 பாகை, யாழ்ப்பாணத்தில 51. எங்கட தலைக்குப் பாதி வழிக்கு மேல ஏறி நிக்கும். 24ஐப் படுக்கையாப் பிடிச்சா மேல கீழ 53 பாகைதான் விழும், ஆனி மாச நடுச்சாமத்தில நிலமும் நடுவும் ஒரே படத்தில வராது. 14 எண்டா 81 பாகை, ரெண்டும் வரும்.

அதால எந்த லென்ஸ் எண்டு கேக்க முதல் எந்த மாசம், எத்தினை மணி எண்டு கேக்கவேணும். மாசியில விடியச்சாமம் அது தென்கிழக்கில பதிவா எழும்பும், 24 தாராளம்.

நடு எங்க எண்டு கேட்டவைக்கு: விருச்சிகத்தின்ர கொடுக்கைப் பிடியுங்கோ, அதுதான் மூலம். மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடையில கொஞ்சம் வடக்கால.

ஜனவரி 25

லீவு விசயம். கொழும்பில வேலை செய்யிற எங்களுக்கு மாசாமாசம் கிடைக்கிற லீவு போயா. போயா எண்டா முழு நிலவு. அண்டைக்கு எந்த லென்ஸைக் கொண்டு எங்க போனாலும் வானம் பால் ஊத்தின மாதிரித்தான் இருக்கும். நான் ரெண்டு வருசம் போயா வார இறுதியளிலயே நுவரெலியாப் பக்கமும் கல்பிட்டிப் பக்கமும் திரிஞ்சு, லென்ஸ் சரியில்லை, கமெரா சரியில்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்.

எங்கட ரெண்டு லீவுதான் இருட்டுக்கு ஏத்தது: சிவராத்திரியும் தீபாவளியும். ரெண்டும் அமாவாசையோட ஒட்டி வாறது. தீபாவளி நேரம் மழை வந்து கெடுக்கும், சிவராத்திரிக்கு மன்னார்ப் பக்கம் மழை விட்டு வானம் துடைச்சு வைச்ச மாதிரி இருக்கும். வீட்டுச் சுவரில தொங்கிற கலண்டர்தான் இதுக்கு முதல் கருவி, லென்ஸ் அதுக்குப் பிறகு. வாற புதன் தை அமாவாசை, ஆனா எனக்கு லீவு இல்லை.

எழுதேக்க ஞாபகம் வந்தது. நான் இதுக்குள்ள விழுந்ததே 2022 மார்ச் கடைசியில, 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாளில. அதுவும் அமாவாசைக்கு முதல் இரவு. வெள்ளவத்தையில எங்கட ஃப்ளட் மொட்டை மாடிக்குச் சனம் எல்லாம் காத்துக்கு ஏறி வந்திட்டுது, பிள்ளையள் பாயில படுத்திருக்கினம், மேற்கில கடலுக்கு மேல கார்த்திகைக் கூட்டம் தனித்தனியா எண்ணக்கூடிய மாதிரி, அதுக்கு மேல திருவாதிரை சிவப்பா. காலி வீதிக்குப் பக்கத்தில நிண்டு அப்பிடி ஒரு வானத்தை நான் பிறந்ததில இருந்து பாக்கேல்லை. கேஸுக்கு லைன், பெற்றோலுக்கு லைன், அந்த மனசோடதான் எல்லாரும் நிண்டது, எண்டாலும் கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. கையில இருந்தது 50 எஃப் 1.8 ஒண்டு, கலியாணவீட்டுப் படத்துக்கு வாங்கினது. தண்ணித் தாங்கிக் கட்டில கமெராவை வைச்சு எடுத்தனான். அந்த 50ஐப் பற்றிப் பிறகு எழுதவேணும்.

ஜனவரி 26

தம்பி இப்பத்தான் சொல்லுறார் தன்ர கமெரா ஏபிஎஸ்-சி எண்டு. அப்ப நான் சொன்ன அகலக் கணக்கு ஒண்டும் உங்களுக்குப் பொருந்தாது. உங்கட சென்ஸர் சின்னன், ஒண்டரையால பெருக்கவேணும். 14 உங்களுக்கு 21 மாதிரி, 24 உங்களுக்கு 36 மாதிரி. நீங்கள் பாக்கவேண்டியது சிக்மா 16 எஃப் 1.4. அது உங்களுக்கு 24 மாதிரி நிக்கும், 405 கிராம்தான்.

நிறை முக்கியம். சிக்மாவின்ர பழைய 14 எஃப் 1.8 ஒருக்கா இரவல் வாங்கிப் போனனான், படம் அருமை, ஆனா அது 1170 கிராம். பஸ்ஸில மடியில வைச்சுக்கொண்டு எட்டு மணித்தியாலம் இருந்து பாருங்கோ. சோனியின்ர 20 எஃப் 1.8 வெறும் 373 கிராம், காசு இருக்கிற ஃபுல் ஃப்ரேம் ஆக்களுக்கு நான் முதல் காட்டுறது அதைத்தான்.

பெப்ரவரி 8

தம்பியோட செகண்ட் ஹாண்ட் பாக்கப் போனம். டொலர் ஏறினதில இருந்து புதுசு வாங்கிற விலையில இல்லை, நாங்கள் எல்லாரும் பழசுதான் தேடுறம். ஆனா கொழும்பில பழைய லென்ஸ் வாங்கேக்க ஒரு விசயம் கட்டாயம் பாக்கவேணும், பூஞ்சணம்.

லென்ஸை எஃப் முழுசாத் திறந்து பிடிச்சு, பின்பக்கத்தால ஃபோன் ரோச்சை அடிச்சு, நேரா இல்லாமல் கொஞ்சம் சரிச்சு உள்ளுக்குப் பாருங்கோ. நாங்கள் பாத்த 16இல நேராப் பாக்கேக்க ஒண்டுமே இல்லை. சரிக்கத்தான் ரெண்டாம் கண்ணாடியின்ர ஓரத்தில இருந்து உள்ளுக்கு ஒரு நூல், அது ரெண்டாப் பிரிஞ்சு, அதில ஒண்டு திரும்பப் பிரிஞ்சு, ஆலம் விழுது கண்ணாடியில ஒட்டின மாதிரி, மயிரை விட மெல்லிசு. வித்தவர் தூசி எண்டார். தூசி கிளை விடாது. கும்பிட்டுப்போட்டு வந்திட்டம்.

பகலில எடுக்கிற படத்தில உது தெரியாமலும் போகலாம். இரவில ஒரு தெரு லைட் பக்கத்தில இருந்தாக் காணும், முழுப் படமும் மூட்டம் போடும். ரெண்டாவதா வேற ஒரு ஆளிட்டப் பாத்தது சுத்தமா இருந்தது, எடுத்திட்டார்.

வாங்கினாப் பிறகு பெட்டியில வையுங்கோ. காத்துப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற சின்ன மீற்றர் ஒண்டு. 40இல இருந்து 50 வீதத்துக்குள்ள நிக்கவேணும். அரிசி போடாதேங்கோ, தவிடு உள்ளுக்குப் போகும். கமெராப் பையுக்குள்ளயே மாசக்கணக்கா விட்டதாலதான் என்ர முதல் சூம் லென்ஸ் போனது.

பெப்ரவரி 28

மன்னாரால வந்து ஒரு நாள் நித்திரை கொண்டாப் பிறகு எழுதுறன்.

திருக்கேதீச்சரத்தில லிங்கோற்பவ பூசை பாத்திட்டு வெளிக்கிட்டம். கோயிலடி முழுக்க வெளிச்சமும் சனமும், அது அப்பிடித்தான் இருக்கவேணும், அங்க ட்ரைபொட் விரிக்கிற எண்ணம் எங்களுக்கு இல்லை. ஹயஸ் வாகனத்தில ஏசி போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனம், தங்கின வீட்டுக்காரர் தெரிஞ்ச இடம், அவரும் கூட வந்தவர். தெரியாத கரையில இரவில கமெராவோட நிக்கிறதெண்டா உள்ளூர் ஆள் ஒருத்தர் கட்டாயம் பக்கத்தில வேணும், ரோந்து வந்து கேக்கேக்க அவர்தான் பதில் சொல்லவேணும்.

மூண்டு மணிக்கு இறங்கி லென்ஸ் மூடியைக் கழட்டினா, கண்ணாடி கண்முன்னால வெள்ளையாப் போகுது. ஏசிக் குளிரில கிடந்த கண்ணாடி, வெளியில கடல் ஈரம். தம்பி சேட்டால துடைச்சார், அஞ்சு செக்கனில திரும்ப மூடிச்சுது, துடைச்ச கோடு கோடா உப்பும் சேந்துபோச்சு. துடைக்காதேங்கோ. அப்பிடியே பையுக்குள்ள போட்டு, பையைத் திறக்காமல் வெளியில வைச்சு, கண்ணாடி வெளிச் சூட்டுக்கு வரும் மட்டும் பாத்துக்கொண்டு இருங்கோ. எங்களுக்கு அரை மணித்தியாலம் போச்சு. அடுத்த முறை பையைக் கடைசி அரை மணித்தியாலம் யன்னலைத் திறந்து மடியில வைச்சிருக்கப் போறன்.

ஃபோகஸ்: லென்ஸில போட்டிருக்கிற முடிவிலிக் குறியை நம்பாதேங்கோ. கேட்டை தென்கிழக்கில நல்லா ஏறி நிண்டது, லைவ் வியூவில, அதாவது கமெரா ஸ்கிரீனில, அதைப் பத்து மடங்கு பெருப்பிச்சுப் பிடிச்சன். ஃபோகஸ் இல்லாமல் இருக்கேக்க அது மங்கின செம்மஞ்சள் பொட்டு மாதிரி. வளையத்தை மயிரளவு திருப்பத் திருப்பச் சுருங்கி வந்து, ஒரு குத்தா நிண்டு, இன்னும் திருப்பினாத் திரும்ப ஊதும். அந்தக் குத்தில நிப்பாட்டி, வளையத்தை அசையாமல் டேப்பால ஒட்டிப்போடுங்கோ. ரோச்சுக்கு வெசாக் கூடு ஒட்டுற சிவப்பு செலோபேன் தாள் ரெண்டு மடிப்புச் சுத்தினா இருட்டுக்குப் பழகின கண் கெடாது.

இப்ப லென்ஸ். நான் கொண்டு போனது என்ர 14, இரவல் 24 எஃப் 1.4, பிறகு அந்த 50. 24ஐ 1.4இல முழுசாத் திறந்தா நடுவில நட்சத்திரம் ஊசிமுனை, மூலையில செட்டை விரிச்ச வௌவால். கோமா எண்டு சொல்லுறது அதைத்தான். எஃப் 2க்கு இறக்கினன், பாதி வெளிச்சம் போகும், ஆனா வௌவால் திரும்பப் புள்ளியாகும். தம்பியின்ர 16இலயும் அதே கதைதான், 2இல வடிவா வந்தது.

500 விதியும் இஞ்ச பிழைச்சது. 24இல 20 செக்கன் எடுத்ததைப் பெருப்பிச்சுப் பாத்தா ஒவ்வொரு நட்சத்திரமும் அரிசிமணி. அது பிலிம் காலத்துக் கணக்கு, இப்பத்தைச் சென்ஸர்களுக்கு 300 போட்டுப் பிரியுங்கோ. 13 செக்கன், எஃப் 2, ஐஎஸ்ஓ (சென்ஸரின்ர உணர்திறன்) 3200, இதிலதான் எங்கட நல்ல படங்கள் எல்லாம். ஜனவரி 18இல நான் எழுதின 35 செக்கனை மறந்திடுங்கோ.

நாலே முக்கால் போல நடு 36 பாகை உயரத்துக்கு வந்திட்டுது, கீழ கடலில மீன்பிடி வள்ளத்து லைட்டுகள் வரிசையா. அஞ்சு தாண்டக் கிழக்கு வெளுக்கத் தொடங்கிச்சுது.

மார்ச் 1

24ஐப் படுக்கையாப் பிடிச்சா 53 பாகைதான் எண்டு எழுதினனான். தங்கச்சி ஒராள் கேட்டவ, "நிமித்திப் பிடிச்சா?" எண்டு. நிமித்தினா 74 பாகை. நிலத்துக்குப் பத்துப் பாகை விட்டாலும் 64 வரைக்கும் போகும், ஆனி மாசத்து 54உம் உள்ளுக்கு நிக்கும். இதை யோசிக்காமல் 14ஐத் தூக்கிப் பிடிச்சது என்ர பிழை. அவவுக்கு நன்றி.

மார்ச் 30

ரெண்டு கேள்விக்குச் சேத்துப் பதில்.

லடாக் போறவர் கேட்டவர். ஹன்லே நல்ல இடம், 2022இல இருண்ட வானக் காப்பகமா அறிவிச்சது, 4000 மீற்றருக்கு மேல. அங்க நடு 28 பாகைதான் ஏறும், 24ஐப் படுக்கையாவே பிடியுங்கோ, 35 இருந்தாலும் எடுக்கலாம். நியூசிலாந்து போறவைக்கு நேர் எதிர், அங்க 70 பாகையும் தாண்டும், கிட்டத்தட்டத் தலைக்கு மேல.

மற்றது ட்ராக்கர், பூமி சுத்திற வேகத்துக்குக் கமெராவையும் சுத்திறது. இஞ்ச அது கரைச்சல். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக்கவேணும், கொழும்பில துருவம் அடிவானத்தில இருந்து 7 பாகைதான், தென்னைக்குப் பின்னால, புகாருக்குள்ள. யாழ்ப்பாணத்திலயும் 10 பாகைக்குள்ளதான். அதை விட எஃப் கூடத் திறக்கிற லென்ஸ் நல்லம். ஏபிஎஸ்-சிக் கமெராவோட வாற கிட் லென்ஸ்தான் இருக்கு எண்டா 18இல (அது 27 மாதிரி) எஃப் 3.5, 11 செக்கன், அசைக்காமல் 16 படம் எடுத்து, சீக்குவேட்டர் எண்ட இலவச மென்பொருளில அடுக்குங்கோ. படத்தில விழுகிற புள்ளி புள்ளியான இரைச்சல் நாலில ஒண்டாக் குறையும். புது லென்ஸ் வாங்கிற வரைக்கும் இது போதும்.

ஏப்ரல் 28

சனி இரவு தெய்வேந்திரமுனைப் பக்கம். பின்னேரம் இடியும் மழையும், திரும்பிப் போவம் எண்டு நினைக்க ஒன்பது மணிக்கு வெளிச்சுது.

தென்சிலுவை எடுக்கத்தான் போனது. இலங்கைத் தீவின்ர தெற்கு நுனியில அது கடலுக்கு மேல 24 பாகை உயரத்தில நேரா எழும்பி நிக்கும், ஏப்ரல் கடைசியில பத்தரைக்குக் கிட்ட. 14இல எடுத்தா அது ஒரு மூலையில நாலு புள்ளி, எங்க எண்டு விரலால காட்டவேணும். 24இல கொஞ்சம் பரவாயில்லை. 50ஐ நிமித்திப் பிடிச்சன்: 40 பாகை, கீழ அலை, நடுவில வெறும் இருட்டு, மேல சிலுவை, பக்கத்தில கரிப்பை எண்டு சொல்லுற அந்தக் கறுப்புத் தூசி முகிலும். எஃப் 2.5, ஆறு செக்கன், ஐஎஸ்ஓ 6400. 160 கிராம் லென்ஸ். இவ்வளவு நாளும் அகலம் அகலம் எண்டு திரிஞ்சிட்டன். வானம் முழுக்க வேணும் எண்டாத்தான் அகலம், ஒரு நட்சத்திரக் கூட்டத்தை ஆக்களுக்கு அடையாளம் காட்டவேணும் எண்டா 50தான்.

50இன்ர ஓட்டை 20 மிமீ வருது, எஃப் 2.5இலயே. ஜனவரி 19இல அந்தக் கணக்கை நானே எழுதிப்போட்டு, பையுக்குள்ள கிடந்ததைப் பாக்கேல்லை.

ஜூலை 1

நெடுந்தீவு. குறிகட்டுவானில படகு ஏறேக்கயே தெரிஞ்சது சோளகக் காத்து நல்லா அடிக்குது எண்டு, ஒரு மணித்தியாலமும் தண்ணி தெறிச்சுது, லென்ஸ் எல்லாத்தையும் பொலித்தீனுக்குள்ள கட்டி மடியில வைச்சிருந்தம். அமாவாசை கழிஞ்சு மூண்டாம் நாள், ஒன்பது மணிக்குப் பிறை விழுந்திட்டுது.

காத்துக்கு ட்ரைபொட்டின்ர காலை நீட்டாதேங்கோ. நடுத்தண்டில பையைத் தொங்க விடச் சொல்லுவினம், இந்தக் காத்துக்குப் பை ஆடி இன்னும் குலுக்கும். நாங்கள் காலை விரிச்சு நிலத்தோட வைச்சு, ஒவ்வொரு காலிலயும் ஒரு கல் ஏத்தி, காத்து வாற பக்கம் ரெண்டு பேர் குந்தி இருந்தம். அப்பவும் மூண்டில ஒரு படம் ஆடிப் போச்சு.

பதினொண்டரைக்கு நடு 51 பாகையில. முன்னால பவளக்கல் அடுக்கின மதில், சாந்து இல்லாமல் கல்லுக்கு மேல கல். 24ஐ நிமித்தி எடுத்ததில மதிலின்ர ஒவ்வொரு கல்லும் தெரியுது, மேல நடுவும் நிக்குது. 14இல பால்வீதி வளைவு முழுசா வந்தது, ஆனா மதில் நூல் மாதிரிப் போச்சு. தம்பி தன்ர 16இல எடுத்தது எங்கட எல்லாப் படத்திலயும் வடிவு, அவர் இன்னும் ஒரு மீற்றர் கிட்டப் போய் இருந்து எடுத்தவர், அதுதான் வித்தியாசம்.

இனி ஆரும் கேட்டா என்ர பதில் இது: ஃபுல் ஃப்ரேமுக்கு 20இல இருந்து 24க்குள்ள, எஃப் 2இல சுத்தமா இருக்கிற எதுவும், ஏபிஎஸ்-சிக்கு 16க்குள்ள அதே மாதிரி. கூட ஒரு 50. 14 என்ர பெட்டியில இருக்கும், பயணத்துக்கு வராது.

ஜூலை 2

ஒண்டு விட்டுப்போச்சு. நாங்கள் தங்கின வீட்டு அம்மா பன்னிரண்டு மணிக்குத் தேத்தண்ணியோட வந்தவ, இருட்டுக்குள்ள என்னத்தைத் தம்பியவை எடுக்கிறியள் எண்டு கேட்டுக்கொண்டு. கமெராவில 24 படத்தைக் காட்டினன், வடிவா இருக்கு எண்டா. பிறகு "இதில மூலம் எது? எங்கட மூத்தவன் மூலம்" எண்டு கேட்டவ. அகலப் படத்தில தேடிக் காட்டினா அவவுக்குப் பிடிபடேல்லை. 50ஐ மாத்தி, கொடுக்கை மட்டும் வைச்சு ஆறு செக்கன் எடுத்து, ஸ்கிரீனில காட்டினன். உடன தலையைத் தூக்கி வானத்தில நேரா விரலை நீட்டினவ, சரியாய் அதிலதான்.

அந்தப் படத்தைப் பெரிசாப் பிரிண்ட் போட்டு அனுப்பவேணும். கோட்டையில நல்லா அச்சடிக்கிற இடம் தெரிஞ்சவை சொல்லுங்கோ, கறுப்பு கறுப்பா வரவேணும், நீலம் அடிக்கக் கூடாது.